மார்பகப் புற்றும் மாற்று மருத்துவமும்



கோலார் தங்கவயலில் வாழும் தமிழ்த் தாய்மாரையும் அவர்தம் குடும்பத்து ஆடவரையும் மனத்திற்கொண்டு இப்பேச்சை அமைத்திருக்கிறோம். மார்பில் ஒரு கட்டி தோன்றிய பெண்மணி எந்தெந்த வாயிலுக்குச் செல்கிறார், எந்த வரிசையில் செல்கிறார், அவ்வரிசையால் அவருக்கு நேர்வது யாது என்பனவே நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். மருத்துவமனை வாயில் அவ்வரிசையில் பெரும்பாலும் கடைசியில் நிற்கிறது. அதற்குக் காரணம் யாது என்று அவர் பக்கமாக நின்று பாராமல், அறியாமை என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது நமக்கு உடன்பாடன்று.

தங்கவயலின் கதை நேயர்கட்குப் புதிதன்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்க வேலையை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குடியேறியவர்களின் வழிவந்தோரே இன்று அங்குள்ள தமிழருள் மிகப் பலர். ஆடவர் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறை உடைத்தனர். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து மூச்சு வாங்கி மாண்டவரும் உளர். ஊரில் நோய் என்றாலே நெஞ்சு நோய்தான், அதுவும் ஆடவர் நோய்தான் என்னும் எண்ணம் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. பெண்களின் நோய் அடுப்படியோடு நின்றுவிட்டது.

அந்நாளில் சாம்பியன் ரீஃபில் சுரங்க நிறுவனத்தின் மருத்துவமனை இருந்தது. லைன் வீடுகளிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சம்பளத்தோடு வீட்டருகே கிடைத்த வைத்தியமும் போயிற்று. அதன்பின் மாரிக்குப்பத்தில் ஏறிப் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் சென்று, கூலி வேலையோ கடை வேலையோ பார்த்து, இரவில் திரும்புவதே ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கையாயிற்று. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவு. இவ்வாறு நாட்கூலிக்குப் போய்வரும் குடும்பத்தில், தாய் ஒருத்தி மருத்துவமனைக்குப் போவதென்றால் இருவர் கூலி அன்றைக்கு இல்லை. ஆண்டர்சன்பேட்டைச் சந்தில் இருக்கும் மருந்துக் கடையோ, ஞாயிறன்று வீட்டுக்கே வந்து மூலிகை தரும் பெரியவரோ கூலியைக் கெடுப்பதில்லை. மாற்று மருத்துவத்தை நாடுவதற்கு நம்பிக்கை ஒன்றே காரணம் என்று நினைப்பவர்கள் இந்தக் கூலிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தல் நலம்.

ஒரு தாயாரை எண்ணிக்கொள்வோம். அவர் ஒருவரல்லர், பலரை ஒன்றாகச் சேர்த்து நாம் வரைந்துகொண்ட உருவம். வயது நாற்பத்தைந்து. குளிக்கும்போது இடப்புற மார்பில் பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்படுகிறது. அண்டை வீட்டு அக்காவிடம் மட்டும் சொல்கிறார்.

"வலிக்கிறதா?"

"இல்லை அக்கா. அழுத்தினாலும் வலியில்லை."

"வலியில்லை என்றால் சூட்டுக் கட்டிதான். பற்றுப் போடு, கரைந்துவிடும்."

இந்த மூன்று வரிப் பேச்சில்தான் முதல் தவறு நிகழ்கிறது. வலித்தால் நோய், வலிக்காவிட்டால் நோயில்லை என்பது வயிற்றுக்கும் பல்லுக்கும் ஓரளவு பொருந்தலாம். மார்பகப் புற்றுக்குப் பொருந்தாது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலியின்றியே இருக்கும். ஓரிடத்தில் கெட்டியாகத் தங்கிய கட்டி, தோல் உள்வாங்கிக் குழி விழுதல், ஆரஞ்சுப் பழத் தோல்போல் தடித்தல், காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், அக்குளில் நெறி கட்டுதல் ஆகிய இவை வலியில்லாவிடினும் பார்த்தாக வேண்டிய குறிகள்.

பற்றுப் போட்ட சில வாரத்தில் அச்சம் தணிகிறது. தணிவது அச்சமேயன்றிக் கட்டியன்று. பிறகு மெல்ல அண்ணியின் காதுக்குச் செய்தி எட்டுகிறது. "ஆசுபத்திரிக்குப் போனால் ஊசி போட்டுச் சதை எடுப்பார்கள், கத்தி பட்டால் புற்று பாய்ந்துவிடும். என் சித்தப்பா பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று" என்கிறார் அண்ணி. அவர் பொய் சொல்லவில்லை. சித்தப்பா பெண்ணுக்கு அறுவை நடந்ததும் உண்மை, சில மாதத்தில் அவர் இறந்ததும் உண்மை. அறுவைக்கு முன்னரே நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் சென்றிருந்தது என்பதைத்தான் குடும்பத்தாருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. தாமதமாகச் சென்றதால் வந்த சாவைக் கத்தியின் தலையில் ஏற்றினார்கள்; அதைக் கேட்ட அடுத்த பெண்ணும் தாமதித்தார். மெல்லிய ஊசியால் சிறிதளவு தசையை எடுத்துக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கும் சோதனையை உலகெங்கும் நாள்தோறும் செய்கின்றனர். அச்சோதனையின்றி, எவ்வளவு பெரிய டாக்டராயினும், எவ்வளவு பழுத்த வைத்தியராயினும், அக்கட்டி புற்றா அன்றா என்று உறுதியாகக் கூற இயலாது.

இதனை நேயர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்ல. இளம்பெண்களுக்கு நார்த்தசைக் கட்டிகளும் நீர்க்கட்டிகளும் தோன்றுவது இயல்பு. அவற்றுள் சில தாமே சுருங்கிவிடும், சில ஆயுள் முழுதும் தீங்கின்றி இருக்கும். அத்தகைய கட்டியோடு ஒருவர் வைத்தியரிடம் சென்று, கஷாயம் குடித்து, கட்டி மறைந்தால், "புற்றைக் கரைத்தார்" என்னும் புகழ் ஊரெங்கும் பரவும். வைத்தியரும் மனமறியப் பொய் சொல்பவராக இருக்க வேண்டியதில்லை. எதைக் குணப்படுத்தினோம் என்பது அவருக்கே தெரியாது. இன்னொரு வகையினரும் உண்டு. அறுவை செய்துகொண்டு, அதற்குமேல் மருந்தூசி வேண்டாம் என்று விலகி, மூலிகை உண்டவர்கள். அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருப்பர். வாழ வைத்தது முன்னர் நடந்த அறுவை. நன்றி பெறுவது பின்னர் உண்ட பொடி.

இனி நம் தாயார் கடந்து செல்லும் மருந்துகளைச் சற்றுப் பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பேச நேரமில்லை.

முதலில் காரப் பற்றுகள். சேராங்கொட்டை என்பதை வண்ணார் துணியில் குறியிடப் பயன்படுத்துவர்; அதன் பால் பட்ட தோல் கொப்புளித்து வெந்துவிடும். சித்த மருத்துவத்தில் முறைப்படி சுத்தி செய்து உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கமுண்டு, அது வேறு. அதைப் போன்ற காரப் பொருள்களை மார்பின்மேல் பூசினால் மேல்தோல் கருகி, ஒரு துண்டு தசை உதிர்ந்து விழும். "வேரோடு வந்துவிட்டது" என்று காட்டுவார்கள். விழுந்தது வெந்த தசை. அடியில் இருப்பது அடியிலேயே இருக்கிறது. அதற்குமேல் இப்போது ஆறாத புண் ஒன்றும் சேர்ந்துகொண்டது.

அடுத்து முள்சீத்தாப் பழமும் அதன் இலையும். கீமோதெரபியைப் போலப் பதினாயிரம் மடங்கு வலிமை என்னும் செய்தி கைபேசி வழியாக வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்திருக்கிறது. சோதனைக்குழாயில் வளர்த்த உயிரணுக்களை அதன் சாறு கொன்றது மெய். சோதனைக்குழாயில் அவற்றைக் கொல்லும் பொருள்கள் எத்தனையோ உள, வெந்நீரும் கொல்லும். அப்பழ வகையையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் உண்டோருக்கு நரம்புத் தளர்ச்சியோடு கூடிய நடுக்க நோய் காணப்படுவதாகக் கரீபியக் கடலிலுள்ள குவாடலூப் தீவிலிருந்து 1999-இல் ஆய்வாளர் எழுதினர். என்றைக்கோ ஒரு பழம் தின்பதில் அச்சம் வேண்டா. நாள்தோறும் மருந்தாகக் குடிப்பதே வினை.

மூன்றாவது, தங்கவயல் மக்கள் பிறரினும் எளிதாக உணரக்கூடியது. வாதுமை இனத்தைச் சேர்ந்த சர்க்கரை பாதாமி என்னும் பழத்தின் கசப்பான கொட்டைப் பருப்பை "பதினேழாம் பி வைட்டமின்" என்று பெயர் சூட்டி விற்கின்றனர். அது வைட்டமின் அன்று. அதிலுள்ள அமிக்டலின் என்னும் பொருள் குடலுக்குள் சென்றதும் சயனைடை வெளியிடுகிறது. சயனைடு என்றால் யாது என்று சாம்பியன் ரீஃப்காரருக்கு நாம் விளக்க வேண்டுமா? பொடித்த தாதுக்கல்லிலிருந்து பொன்னைக் கரைத்தெடுக்க அதைத்தானே பயன்படுத்தினார்கள்? பொன் எடுத்தபின் கொட்டிய மண் மலை மலையாகக் குவிந்து, "சயனைடு மேடு" என்னும் பெயரோடு ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. காற்றடித்தால் அதன் தூசி கண்ணில் விழுகிறது. அந்த நஞ்சையே மருந்தென்று சிறு பொட்டலத்தில் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று அறிந்தால் எந்தத் தாய் உண்பார்? அமெரிக்காவில் இம்மருந்து லேட்ரில் என்னும் பெயரால் பெரும் புகழ் பெற்றிருந்தது. மக்கள் விடாது கேட்டமையால் அந்நாட்டுப் புற்றுநோய் நிறுவனம் அதை முறையாகச் சோதிக்க ஏற்பாடு செய்தது. 178 நோயாளிகட்குக் கொடுத்துப் பார்த்ததன் முடிவு 1982-இல் வெளியாயிற்று. ஒருவரும் குணமடையவில்லை; சிலருடைய இரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது.

நான்காவது, நம் கர்நாடக மாநிலத்துக்குள்ளேயே நடந்த செய்தி. சிவமொக்கா மாவட்டத்தில் நரசிபுரம் என்னும் சிற்றூர். அங்கே பரம்பரை வைத்தியர் ஒருவர் வியாழன், ஞாயிறுகளில் மரப்பட்டை கொடுத்துவந்தார். புற்றுநோயாளிகளும் உறவினரும் பல மாநிலங்களிலிருந்து வந்து இரவெல்லாம் வரிசையில் காத்திருந்தனர். அவர் 2020-இல் காலமானார். அவர் பெரும்பணம் பறித்தவரல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மக்கள் அவரை மதித்ததற்கு அதுவும் காரணம். எனினும் அந்த நீண்ட வரிசை எதைக் காட்டுகிறது? எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. வந்தவருள் எத்தனை பேர் அடுத்த ஆண்டு உயிரோடிருந்தனர் என்பதை வரிசை காட்டாது. பிழைத்தவர் மீண்டும் வந்து நன்றி கூறுவர். இறந்தவர் வந்து புகார் கூறுவதில்லை.

மரப்பட்டையில் மருந்து இருக்க முடியாதா என்று நேயர்கள் கேட்கலாம். தாராளமாக இருக்கலாம். மார்பகப் புற்றுக்கு இன்று உலகெங்கும் தரப்படும் பாக்லிடாக்சல் என்னும் மருந்து பிறந்ததே ஒரு பட்டையில்தான். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டை அது. 1962-இல் பட்டையைச் சேகரித்தனர். மன்றோ வால் என்பவரும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணி என்பவரும் அதிலுள்ள சத்தைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டனர். பின்னர் விலங்குகளில் சோதனை, சிறு அளவில் மனிதரில் சோதனை, எத்தனை அளவு கொடுத்தால் பயன், எத்தனைக்கு மேல் நஞ்சு என்னும் கணக்கு, பட்டை பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தல் என்று ஆண்டுகள் கழிந்து, 1994-இல்தான் மார்பகப் புற்றுக்கு அந்நாட்டு அரசு இசைவளித்தது. ஒரு பட்டை மருந்தாவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள்! நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்தும் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு மருந்து கிடைத்திருக்கிறது. எனவே மூலிகை என்ற ஒரே காரணத்தால் எதனையும் நாம் இகழவில்லை. எடைபோட்டுப் பார்த்த மூலிகை, எடைபோடாத மூலிகை என்னும் வேறுபாட்டைத்தான் சொல்கிறோம்.

இதற்கு இன்னொரு பழங்கதையும் உண்டு. ஜப்பானில் ஹனோகா செய்ஷூ என்னும் வைத்தியர், ஊமத்தை, வசநாபி முதலிய மூலிகைகளைப் பக்குவப்படுத்தி, ஆழ்ந்த மயக்கம் தரும் மருந்தொன்றைச் செய்தார். 1804-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், அறுபது வயதுப் பெண்மணி ஒருவருக்கு அதைக் கொடுத்து, மார்பிலிருந்த புற்றை அறுத்தெடுத்தார். மேனாட்டார் ஈதர் மயக்க மருந்தைப் பலரறியக் காட்டியது 1846-இல். ஊமத்தங்காயை அறிந்த கீழ்நாட்டு வைத்தியர், அதைக் கத்திக்குத் துணையாகக் கொண்டாரேயன்றிக் கத்திக்கு மாற்றாகக் கொள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது.

மருத்துவமனைச் சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவம் ஒன்றையே நம்பினால் நேர்வது யாது? இதனை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டனர். பரவாத நிலையிலிருந்த புற்றுக்கு மாற்று மருத்துவம் மட்டுமே மேற்கொண்ட 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டனர். எல்லா வகைப் புற்றையும் சேர்த்துப் பார்க்கையில் முதல் குழுவினர்க்கு இறக்கும் இடர் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஐந்தரை மடங்குக்கும் மேல். ஏனைய புற்றுகளைவிட மார்பகப் புற்றில் இழப்பு இவ்வளவு பெரிதாவது ஏன்? தக்க காலத்தில் சென்றால் நன்கு குணமாகக்கூடிய நோய் அது. விட்டுக்கொடுப்பதும் அதனால் பெரிதாகிறது. மற்றொன்றும் அந்த ஆய்வில் உண்டு. மாற்று மருத்துவத்தைத் தேர்ந்தவர் வருவாயிலும் படிப்பிலும் மேம்பட்டவராகவே இருந்தனர். ஆகவே இதைப் படிக்காதவர் செயல் என்று பேசுவோர் வாயடக்கிக்கொள்வது நன்று.

படித்தவரும் பணமுடையவரும்கூட ஏன் செல்கின்றனர்? இங்கே மருத்துவமனைகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். வைத்தியர் நாடி பிடிக்கிறார். பசி எப்படி, தூக்கம் எப்படி, மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்கிறார். "தாயே, பயப்படாதே" என்கிறார். மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கு நின்று, பகல் ஒரு மணிக்கு உள்ளே சென்றால், தலை நிமிராமல் சீட்டு எழுதப்படுகிறது. அறையில் முன்பின் அறியாத ஆடவர் நால்வர். மேலாடையை நீக்கு என்று ஒரு குரல். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லப்படுவது பாதி விளங்குவதில்லை. இவ்வாறு நடத்தப்பட்டவர் மறுமுறை வராதிருப்பதில் வியப்பென்ன? வைத்தியர் கொடுக்கும் பட்டையில் குணமில்லாவிடினும் அவர் கொடுக்கும் செவியில் குணம் உண்டு. அந்தச் செவியை மருத்துவமனை கொடுக்காதவரை பட்டைக்கு வரிசை குறையாது.

மற்றோர் அச்சம், மார்பை இழப்பது. பழைய நாளில் மார்பகத்தையும் அடித்தசையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து வாரி எடுத்தனர். கை வீங்கி, நெஞ்சு குழிந்து, பெண் ஒடுங்கிப்போவார். பெர்னார்ட் ஃபிஷர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் அவ்வழக்கத்தை எதிர்த்துக் கேள்வி எழுப்பினார். 1976-இல் தொடங்கிய அவருடைய ஆய்வின் இருபதாண்டு முடிவு 2002-இல் வெளிவந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை பெற்றவரும், மார்பகம் முழுவதையும் இழந்தவரும் ஒத்த காலமே வாழ்ந்தனர். ஆகவே சிறு கட்டியோடு வருபவர்க்குப் பெரும்பாலும் மார்பகத்தைக் காக்க முடியும். ஓராண்டு பற்றுப் போட்டு, கட்டி எலுமிச்சை அளவாகித் தோலைப் பிடித்தபின் வருபவர்க்கு அவ்வாய்ப்பு அரிது. மார்பைக் காப்பதற்காகவே மூலிகை தேடிச் சென்றவர், அத்தேடலாலேயே மார்பை இழக்கிறார்.

கீமோதெரபியில் முடி உதிரும், குமட்டும், சோர்வு வரும், இவை மெய். முடி மீண்டும் வளரும் என்பதும் மெய். எல்லாருக்கும் அச்சிகிச்சை தேவைப்படுவதில்லை என்பது பலர் அறியாதது. புற்றின் வகையைச் சோதித்து, பெண்மைச் சுரப்பால் வளரும் வகை என்று கண்டால், டமாக்சிபென் போன்ற மாத்திரையை நாள்தோறும் ஐந்தாண்டோ அதற்கு மேலோ உண்பது நோய் திரும்பி வருவதைப் பெரிதும் குறைக்கிறது. விலை மலிந்த மாத்திரை அது. நம் தாயார் ஆறு மாதம் வாங்கிய பொடிகளின் விலையைவிட அது எத்தனையோ குறைவு.

நோய் மார்பகத்துக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால், அமெரிக்கக் கணக்குப்படி ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்கு 99 பேர். தொலை உறுப்புகளுக்குச் சென்றபின் அது மூன்றில் ஒரு பங்கு அளவே. 2018-இல் வெளியான உலக ஒப்பீடு ஒன்றில், எல்லா நிலைகளையும் சேர்த்து ஐந்தாண்டு வாழ்ந்தோர் அமெரிக்காவில் நூற்றுக்கு 90, இந்தியப் பதிவேடுகளில் 66. மருந்து வேறு, நாடு வேறு என்பது மட்டும் இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகாது. நம் பெண்கள் பிந்தி வருகின்றனர் என்பதே பெருங்காரணம்.

செல்லும் இடம் எது? பெங்களூரில் 1973-இல் தொடங்கிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் ஓசூர் சாலையில் இருக்கிறது. காலை வண்டி பிடித்தால் அன்றே திரும்பலாம். வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. தம் தங்கை புற்றால் இறந்ததைக் கண்டு அம்மையார் கொண்ட உறுதியிலிருந்து எழுந்த நிலையம் அது, டாக்டர் வி. சாந்தா 1955-இல் அங்குச் சேர்ந்து 2021-இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்கட்கு 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் எடுத்துச் செல்ல மறவற்க.

மூலிகையை முழுவதும் விட்டுவிட வேண்டுமா? சிகிச்சைக்குப் பதிலாகக் கொள்ளுவதைத்தான் விடவேண்டும். சிகிச்சையோடு சேர்த்துக்கொள்ளத் தக்கவை உள. பெங்களூரில் மார்பகப் புற்று நோயாளிகளிடையே நடந்த ஆய்வொன்றில், யோகப் பயிற்சி செய்தவர்க்குக் கீமோதெரபியால் வரும் குமட்டலும் கவலையும் குறைந்தன. இஞ்சித் துவையல், மிளகு ரசம், சமையலில் இடும் மஞ்சள் ஆகியவற்றுக்குத் தடையில்லை. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதற்கும், மாரியம்மனுக்கு மஞ்சள் துணி கட்டுவதற்கும் எந்த டாக்டரும் குறுக்கே நிற்பதில்லை. பாதரசம், பாடாணம் சேர்ந்த மெழுகுகளும் பற்பங்களும், பெயர் தெரியாத பொடிகளும் அத்தகையன அல்ல. ஏற்கெனவே மருந்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஈரலையும் சிறுநீரகத்தையும் அவை கெடுக்கக்கூடும். எதை உண்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுக. பொட்டலத்தையே கையில் எடுத்துச் சென்று காட்டுக. டாக்டர்களும் கேட்டுக் கோபிக்காதிருத்தல் வேண்டும். ஒருமுறை ஏசினால் மறுமுறை மறைப்பர். இன்னொன்று: புற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மாய மருந்துச் சட்டப்படி குற்றம். சுவரொட்டியிலோ கைபேசியிலோ அவ்வாறு உறுதி கூறுபவர் சட்டத்தை மீறுபவர் என்று அறிக.

கட்டியை முன்னதாகக் கண்டுகொள்ள எப்போதும் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் வாழும் 1,51,538 பெண்களை இருபது ஆண்டு பின்தொடர்ந்தனர். அவர்களுள் ஒரு பாதியினர்க்கு, பயிற்சி பெற்ற பெண் ஊழியர் இரண்டாண்டுக்கொரு முறை கையால் மார்பைச் சோதித்தனர், அவ்வளவே. 2021-இல் வந்த முடிவின்படி, நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது; ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரில் இந்நோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்தது. அத்தகைய சோதனையை ராபர்ட்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ செய்ய வெளிநாட்டிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை. ஆஷா ஊழியர் வீட்டுக்கு வரும்போது, பிள்ளைக்குச் சொட்டு மருந்து கேட்பதுபோல இதையும் கேட்கலாம்.

கடைசியாக, நாம் எண்ணிக்கொண்ட தாயாரிடம் திரும்புவோம். அவர் மூன்றாவது வாரத்திலேயே வண்டி ஏறியிருந்தால் மேலே சொன்ன யாவும் அவருக்குப் பயன்படும். அவ்வாறன்றி, மூன்றாண்டு கழிந்து, கட்டி உடைந்து புண்ணாகி, அதன் நாற்றத்துக்கு நாணி, பேரப்பிள்ளைகளை அருகில் விடாமல் தனி அறையில் பாய் போட்டுக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரையும் அழைத்துச் செல்லுங்கள். "இத்தனை நாள் என்ன செய்தாய்?" என்று வழியில் எவரும் கேட்க வேண்டா. அந்நிலையிலும் மருந்தால் புண்ணைச் சுருக்கி, அறுவைக்குக் கொண்டுவருவது சிலருக்கு இயலுகிறது. இயலாதபோது வலியைத் தணிக்க மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. நாற்றத்துக்கும் மருந்துண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்கு பொடித்துப் புண்ணின்மேல் தூவச் செவிலியர் சொல்லித் தருவர். சில ரூபாய்தான் செலவு. சில நாளில் நாற்றம் அடங்கிவிடும். பிள்ளைகள் பாட்டியின் பாய்க்கு வந்து உட்காரலாம்.